பளபளவென்று ஒரு காசநோய்ப் பிரிவு

மார்ச் 4, செவ்வாய்

வெல்டர் இன்றும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்தார். கண்டுபிடித்துவிட்டேன். "வாயைத் திறங்க தம்பி" என்றால், வீட்டைச் சோதனை போட வந்தவளைப் பார்ப்பதுபோல முறைக்கிறார்.

"ரெண்டு மாசம் ஆச்சு, இருமலே இல்ல. இன்னும் எதுக்குக்கா இந்தச் சனியன்?"

இன்னும் நாலு மாதம், நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் இந்த மாத்திரைக்கு அடங்காது. தினமும் ஒப்பிக்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது. அவர் மனைவி பின்னால் நின்று "விடாதீங்க" என்று கண்ணைக் காட்டினாள். விடவில்லை. விழுங்கினார்.

இப்படிக் காலையில் பதினொரு வீடு. மாத்திரை அரசாங்கம் தருகிறது. அதை விழுங்கவைக்க நான், என் ஸ்கூட்டர், அதற்குப் பெட்ரோல். இந்த மூன்றுக்கும் ஒரு வெளி அமைப்பின் நிதி.

மார்ச் 10, திங்கள்

நிதி தரும் அந்த அமைப்பிலிருந்து வியாழக்கிழமை ஓர் அம்மாள் வருகிறார்களாம். நிதியை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, வேண்டாமா என்று பார்த்துவிட்டு எழுதுவார்களாம். எங்கள் ஆஸ்பத்திரி ஹெட் கிளார்க்குக்குத் தரையில் கால் பாவவில்லை. "வர்றவங்க ஒரு குறை சொல்லக் கூடாது" என்று உத்தரவு. மதியமே பெயிண்டர் வந்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

சுவர் இளம்பச்சை. கண் பிரிவிலிருந்து நாற்காலி, மருந்துக் கிடங்கிலிருந்து புது ஃபிரிட்ஜ், கண்காணிப்பாளர் அறையிலிருந்து பூச்சாடி. எல்லாம் ஒருநாள் இரவல். ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டுமென்றார் ஹெட் கிளார்க். யார் கொடுத்தது? நானேதான். வீட்டுக் கூடத்துத் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போனேன்.

"ஆஸ்பத்திரி நல்லா இருக்கட்டும். நாம தெருவுக்குக் காட்சி கொடுப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

'காற்றோட்டமே காசநோய்க்கு எதிரி' என்று எழுதி ஒட்டியிருந்த தாளைப் பெயிண்டுக்காகக் கிழித்தோம். பிறகு எல்லா ஜன்னலையும் சாத்தித் திரைச்சீலை போட்டோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இன்னொன்று. "இருமுறவங்க நாளைக்கு வர வேணாம்மா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடு" என்றார் ஹெட் கிளார்க். வியாழக்கிழமை வரவேண்டிய இருபது பேருக்கும் நானே போன் செய்து சொன்னேன். அப்போது சரியாகத்தான் பட்டது.

மார்ச் 13, வியாழன்

வந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறவர். உடனே நெற்றிக்கண்ணாடி அம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினார். காலி பெஞ்சுகளைப் பார்த்து, "நோயாளிங்க யாரும் இல்லையா?" என்றார்.

"எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு மேடம்" என்றார் ஹெட் கிளார்க், மார்பை நிமிர்த்தி.

அந்த அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டார். போனதும் எல்லோரும் பிஸ்கட் தின்றோம். ஒரு குறைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கும் பெருமைதான்.

மார்ச் 14, வெள்ளி

இருபது பேரில் பதினாறு பேர்தான் வந்தார்கள். மற்ற நாலு பேரைத் தேடிப் போக வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

கடிதம் வந்தது. 'வசதிகள் சிறப்பாக உள்ளன. நோயாளிகள் மிகக் குறைவு. எனவே ஏப்ரல் இறுதியுடன் உதவியை நிறுத்தி, தேவை அதிகமுள்ள இடத்துக்கு மாற்றுகிறோம்.'

எங்கள் பிரிவு டாக்டர்தான் வாசித்துக் காட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம். அதற்குத் திரைச்சீலையும் மாட்டி.

ஏப்ரல் 3, வியாழன்

வெல்டரிடம் சொல்லவில்லை. ஜூலை ஆரம்பம் வரை அவருக்கு மாத்திரை உண்டு. மே, ஜூன் இரண்டு மாதம் யார் போய் நிற்பது? நான் போகாத ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்த மனுஷன். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

நிதியை நிறுத்த வேண்டாமென்று ஹெட் கிளார்க் மூன்று பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். 'பணிவுடன்' மட்டும் ஒன்பது இடத்தில். நாம் என்ன செய்தோம் என்பது ஓர் இடத்திலும் இல்லை.

"ஒளிச்சு வெச்சோம்னு எழுதினா என் மானம் என்னம்மா ஆவுறது?"

"என் பதினோரு வீடு என்ன சார் ஆவுறது?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. சொன்னது சொன்னதுதான். பிறகு நானே ஒரு பக்கம் எழுதினேன். நாற்காலி கண் பிரிவுடையது, ஃபிரிட்ஜ் கிடங்குடையது, திரைச்சீலை என் வீட்டுடையது. நோயாளிகளிடம் வராதீர்கள் என்று சொன்னவள் நான், அதில் நாலு பேரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் — இவ்வளவுதான். டாக்டர் படித்துக்கொண்டே சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை அந்த அமைப்புக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நெற்றிக்கண்ணாடி அம்மா நாளை மறுபடி வருகிறார். ஹெட் கிளார்க் இந்த முறை ஒரு துடைப்பத்தைக்கூட நகர்த்தவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் "நாம நல்லா இருக்கோம்னுதான் பணத்தை நிறுத்துறாங்க" என்று புலம்பியிருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

கார் கதவு திறந்த சத்தம் கேட்டதும் பெஞ்சு மொத்தமும் இருமத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்பே குணமான தையல்காரர்கூட முன்வரிசையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. நான் கண்ணை உருட்ட உருட்ட இருமல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"இதுவும் நீங்க சொன்னதுதானா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

நம்புகிற நிலையிலா இருக்கிறேன்? "வீடுங்களைப் பார்க்கணும்" என்றார் அந்த அம்மாள். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் வெல்டர் வீடு.

அங்கே மனுஷன் தலையோடு போர்வையை இழுத்துக்கொண்டு முனகிக்கொண்டிருக்கிறார். நேற்றுவரை இரும்புக் கேட்டைத் தனியாளாகத் தூக்கினவர். அவர் மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை அடக்க முடியாமல். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தார். "நாலு கிலோ ஏறியிருக்கீங்களே?"

முனகல் நின்றது. போர்வையை விலக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம். அதான் பயமே. நல்லா இருக்கிறவனுக்கு மாத்திரை போடத் தோணாது. இந்த அக்கா வந்து நிக்கலன்னா நான் போட மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

மூன்று மாதமாக என்னோடு மல்லுக்கு நின்றவர் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது அந்த அம்மாள், "முதல் தடவையே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பதில் இல்லை. ஸ்கூட்டர் சாவியை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

நேற்றும் இன்றும் பஸ்ஸில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பதினொரு வீட்டில் ஆறுதான் முடிந்தது. மற்ற ஐந்து பேர்? கேட்டால் போட்டோம் என்பார்கள். இதை எத்தனை நாள் செய்ய முடியும்?

மே 9, வெள்ளி

பதில் வந்துவிட்டது. மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம். கட்டடத்துக்கு ஒன்றும் கிடையாது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு மட்டும். ஹெட் கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, "பெயிண்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல பாரேன்" என்றார். பாவமாக இருந்தது. பச்சை நன்றாகத்தான் இருக்கிறது சார் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் வெல்டர் வீட்டைத் தாண்டிப் போனேன். நிற்கவில்லை; அவர் மாத்திரை போன வாரமே முடிந்தது. பட்டறையில் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. அவர் என்னைக் கவனிக்கவும் இல்லை.

அடுத்த தெருவில் என் பட்டியலுக்கு ஒரு புது வீடு. கல்லூரியில் படிக்கிற பெண். "எனக்கு ஒண்ணும் இல்ல, போங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். படியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள்.