குழாய் திரும்பியிருந்த பக்கம்

மச்சான்,

போன வாரம் கழற்றிப் போட்ட பழைய தகரம் இன்னும் என் கொல்லையில் கிடக்கிறது. நேற்று சாயங்கால மழையில் நனைந்து, துருவும் உப்புமாக ஒரு வாடை வீடு முழுக்க அடிக்கிறது. அது மூக்கில் ஏறியதும் உன் மேல் கோபம் வந்தது. நீ போய் நான்கு வருஷமாகிறது, இன்னும் வருகிறது. கோபம்தானா என்றும் சரியாகத் தெரியவில்லை.

நம் கோட்டைப்பட்டினத்துக் கிணறுகள் உப்பு என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அடுத்தடுத்த நம் இரண்டு வீட்டு ஓட்டுக் கூரைகளும் சாய்ந்து சேருமிடத்தில் அந்தத் தகரக் கால்வாய். அதில் ஓடிவரும் மழைத் தண்ணீர் குழாய் வழியாக நம் கொல்லைகளின் எல்லையில் இறங்கும். ஒரு மழை உன் வீட்டுக்கு, அடுத்த மழை என் வீட்டுக்கு. தூறலோடு நின்றுபோனால் அது ஒரு மழையா இல்லையா என்று நம் வீட்டுப் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். நாம் தலையிடாமல் சிரித்துக்கொண்டிருப்போம்.

தகரம் ஓட்டையானபோது மாற்றிவிடலாம் என்று நீதான் முதலில் சொன்னாய். நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் இருக்கும் அப்போது. நான் கருவாட்டு மூட்டைகளோடு பொன்னமராவதிச் சந்தைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஐப்பசியில் உன் பக்கத்துச் சுவர் ஊறி இடிந்து அரிசி மூட்டைகள் மேல் விழுந்தது. பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னாய்: "இவன்கிட்டச் சொல்றதுக்குச் செவுத்துக்கிட்டச் சொல்லலாம். அதாச்சும் இடிஞ்சு விழுந்து காட்டுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். இன்று எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பினால், கூரையில் புதுத் தகரம். எல்லையில் நேராக இறங்கிக்கொண்டிருந்த குழாயின் அடி வளைந்து, முழுக்க என் கொல்லைக்குள் திரும்பியிருந்தது. தன் கூரைத் தண்ணீரை அடுத்தவன் மண்ணில் இறக்குவது நம் ஊரில் எவ்வளவு பெரிய வம்பு! 'உன் சுவரும் ஊறட்டும், பார்' என்று நீ சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சொட்டுத் தொடக்கூடாது என்று மனைவியிடம் கத்தினேன்.

"தொடாம? ஊருணிக்கு நீங்க போயித் தண்ணி எடுத்தாரீங்களா?" என்றாள்.

அந்த வருஷம் அவளுக்கு முழங்கால் வீங்கி, தெருமுனைவரைகூட நடக்க முடியவில்லை. அது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் திருப்பினாயா? நான் வெளியே போனதும் அவள் குடம் குடமாகப் பிடித்து வைத்தாள். உன்னைத் திட்டிக்கொண்டே அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றைத்தான் தின்றேன். உன் மனைவியோ இடுப்பில் குடத்தோடு என் வாசலைத் தாண்டி ஊருணிக்குப் போவாள். வம்புக்காகத் தன் வீட்டுக்காரியை இப்படி நடக்கவிடுவானா ஒருவன்? உதவிதான் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாயா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது.

மூன்று வருஷம் ஒரே தெருவில், பேசாமல். உன் வீம்பு அப்படி. என்னுடையதும் லேசுப்பட்டதில்லை. பிறகு ஒரு காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் மையத்துப் பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். கப்ருஸ்தான்வரை அந்தக் கேள்விதான் தலைக்குள் ஓடியது. வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை தகரம் மாற்ற வந்தவர் அன்று உனக்கு வேலை செய்த அதே ஆள். விடவில்லை, கேட்டேன்: "அன்னைக்கு அவர் என்ன சொன்னாரு?"

"கொழாய அங்கிட்டுத் திருப்புன்னாருங்க. திருப்புனேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"அத நான் எதுக்குங்க கேக்கணும்?" என்றவர், "இப்ப எங்கிட்டுத் திருப்ப?" என்றார்.

வேலிக்கு அந்தப்புறம் உன் கொல்லையைப் பார்த்தேன். "அவுக பக்கம்" என்றேன்.

நேற்று முதல் மழை. தண்ணீர் உன் கொல்லையில் கொட்டத் தொடங்கியதும் உன் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோரம் வந்தாள். முகம் வாடியிருந்தாலும், எப்போதும்போல அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டாள்.

"என்ன காக்கா, அவுகளே போயிட்டாக. இன்னும் எங்க மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல தங்கச்சி. குடிக்கத்தான்" என்றேன். அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து வைத்தாள்.

அவ்வளவுதான் மச்சான். கேட்க அவளுக்கு ஒரு மழை போதும். எனக்கு மூன்று வருஷம் போதவில்லை. குடம் நிரம்பும்வரை நனைந்துகொண்டு வேலியோரமே நின்றேன். 'உன் புருஷனும் அன்று இதற்காகத்தான் திருப்பினான்' என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாதே.