திங்கட்கிழமை மட்டும் கிடைக்காத பெயர்

நவம்பர் 3, திங்கள்

சிரம்பான் அலுவலகத்துக்குத் தொப்பலாக நனைந்து வந்தேன். வெள்ள எச்சரிக்கைச் சோதனை இன்று தொடக்கம். முதல் நாளே சொதப்பல்.

மழையைக் கணக்கிடும் நிரல் என்னுடையது. அந்த மழைக்கு லிங்கி ஆறு எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுவது, என்னோடு வேலை செய்யும் மகிந்தன் அண்ணனுடையது. இரண்டும் செண்டாயான் கணினி மையத்தில் உள்ள பல கணினிகளில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுகின்றன. ஒன்று இருக்கும் இடம் மற்றதற்குத் தெரியாது. அதனால் அவருடைய நிரல் ஒரு வாசலைத் திறந்துவைத்து, 'லிங்கி ஆறு' என்ற பெயரைப் பொதுப் பதிவில் அறிவிக்க வேண்டும். என்னுடையது அந்தப் பெயரைத் தேடி, முகவரி வாங்கி, போய் இணைய வேண்டும். ஒன்பது மணிக்குத் தேடியது. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டது.

எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். பதினொரு மணிக்கு இணைந்தது. எந்த மாற்றத்தால்? தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒன்பதுக்கே இணைந்தது. நான் எதையும் தொடவில்லை!

நவம்பர் 7, வெள்ளி

மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டது. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் லிங்கியிலிருந்து அம்மா போன். "மழ வருமாடி? சாமானையெல்லாம் தூக்கி மேல வைக்கவா?"

போன வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் ஆறு வீட்டுக்குள் வந்தது. பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன்தான் என் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினான். நான் இங்கே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த மழைக்குள் எச்சரிக்கை வேலை செய்தாக வேண்டும். செய்ய வைப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடியும் 'பெயர் இல்லை'. ஞாயிறன்று கணினிகளை நிறுத்திக் கிளப்புகிறார்களே, அதில்தான் கோளாறு என்று நாள் முழுக்கத் தோண்டினேன். ஒன்றும் இல்லை.

பிரிவுத் தலைவி கோமளா மேடம் கூப்பிட்டார். "அடுத்த திங்களும் இப்படி நின்னுச்சுன்னா இந்த வருஷம் வேணாம் புனிதா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா."

அடுத்த வருடம் வரைக்கும் ஆறு சும்மா இருக்குமா?

நவம்பர் 11, செவ்வாய்

செண்டாயான் மையத்துக்கே போய்விட்டேன். அங்கே மகிந்தன் அண்ணனின் மேசைக்கு மேல் நாள்காட்டி தொங்கியது. என்னவோ தோன்றிக் கேட்டேன்.

"நேத்து எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க அண்ணே?"

"பத்துக்கு மேல. திங்கக்கிழமைல்லம்மா? ராகு காலம்."

"அது ஏழரையிலேர்ந்து ஒம்பதுதானே?"

"அது இந்தியாவுக்கு. நமக்கு இங்க எட்டரை டு பத்து."

கத்திவிட்டேன். "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன் அண்ணே!"

"யாரும் கேக்கலயேம்மா," என்றார். அவர் முகம் வாடிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் பொருமினேன். பாதி வழியில் கோபம் என் மேலேயே திரும்பியது. ஒரே ஒரு தடவை தேடிவிட்டு, இல்லை என்றதும் படுத்துக்கொள்ளும் நிரலை எழுதியது யார்? நானேதான். நாளைக்கு மின்சாரம் போய் அவர் தாமதித்தாலும் இதே கதிதானே?

நவம்பர் 13, வியாழன்

மாற்றிவிட்டேன். பெயர் அறிவிக்கப்படும்வரை இனி விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் பெயரை விலக்கிக்கொள்ளும்படி அண்ணனும் மாற்றித் தந்தார். இல்லாவிட்டால் என் நிரல் நேற்று மூடிய வாசலில் போய் நிற்கும். இரண்டு பேரும் அளவாகத்தான் பேசிக்கொண்டோம்.

நவம்பர் 17, திங்கள்

காத்திருந்தது. பத்து மணிக்கு மேல் இணைந்தது. கோமளா மேடம் கைகொடுத்தார். எச்சரிக்கை இந்த வருடமே நடைமுறைக்கு வருகிறது.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு — பாதிதான். நிரல் ஒரு மணி நேரம் காத்திருக்கும். தண்ணீர்? திங்கட்கிழமையும் ஒன்பதுக்கே ஆரம்பிக்க முடியுமா என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "இவ்ளோ வருஷமா பழகிட்டேன் புனிதா. கை வர மாட்டேங்குது," என்றார். வற்புறுத்தவில்லை.

நவம்பர் 22, சனி

ஆற்றங்கரை அளவுகோலைப் பார்க்க என்று அண்ணனை லிங்கிக்கு அழைத்துப் போனேன். அப்படியே வீட்டுக்கும். சுவரில் என் மார்பளவு உயரத்தில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவும் ராகு காலம் பார்க்கிறவள்தான். இவரும் அப்படி என்று தெரிந்ததும் ஒரே குஷி, பேச்சு நிற்கவேயில்லை. நடுவில் அண்ணன் கேட்டார்: "வெள்ளம் வந்த அன்னிக்குக் கெளம்புறப்போ நேரம் பாத்தீங்களாக்கா?"

"தண்ணி பாத்துட்டா வந்துச்சு தம்பி?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.



நவம்பர் 24, திங்கள்

நேற்றிலிருந்து விடாத மழை. எட்டரைக்கே என் நிரலை ஓட்டிவிட்டேன். தேடியது. இல்லை. மறுபடி தேடியது. இல்லை. போனைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். கூப்பிடக்கூடாது. அவராகச் செய்ய வேண்டும்.

எட்டே முக்காலுக்குத் திரையில் வந்தது: 'லிங்கி ஆறு' கிடைத்தது. இணைந்தது.

கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. அண்ணனிடமிருந்து ஒரு வரி: "புள்ளையார்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

பத்து மணிக்கு முன்பே ஊரில் சைரன் ஒலித்துவிட்டது. மதியம் மேட்டில் இருக்கும் ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டதாம்.

"நாங்க கெளம்பறப்போ வாசல்ல ஈரம்கூட இல்லடி. டிவிய ரவிதான் மேல தூக்கி வச்சிட்டான். பயப்படாத. இங்க டீதான் சூடு பத்தல."