விளக்கு வைத்த பிறகு தயிர் கேட்டவளுக்கு

போசிக்கு மாட்டியிருந்த குல்லாவைக் கழற்றி, மூடியைத் திறந்து, பாத்திரத்தை மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். தயிர் அசையவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது. டில்லி மார்கழியில், வெயில் எட்டிப் பார்க்காத இந்தக் கோல் மார்க்கெட் மாடி அறையில்! யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் என்று கை போனை எடுத்தது. உன் பெயரைத் தொடப் போன பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் இதை எழுத ஆரம்பித்தேன். வேறு என்னதான் செய்யட்டும், சொல்.

நீ இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய். டில்லியில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழ் எழுத்து என்றால் கோலம். "படிச்சுக் காட்டுட்டி, கேக்கேன்" என்று கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருப்பாய். பாதியில் "ஜல்தி ஜல்தி, கடைசியில என்ன ஆச்சு?" என்பாய். இன்றைக்கு அவசரப்படுத்த ஆள் இல்லை. மெதுவாகவே சொல்கிறேன்.

தாராபுரத்திலிருந்து ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பொட்டலம் வரமிளகாய் ஆகியவற்றோடு வந்து இறங்கிய என்னை, கல்லூரிக்குப் பக்கத்தில் பெண்கள் தங்கும் அந்த வீட்டில் அப்பா விட்டுவிட்டுப் போன சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கார ஆன்ட்டி என்னிடம் இந்தியில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. "சும்மா சும்மா தலைய ஆட்டாத. காலைல தண்ணி நின்னுருமாம், பக்கெட்ல புடிச்சு வச்சிக்கிடணுமாம்." திரும்பினால் நீ. கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றாய்.

"தமிழா நீ?"

"ஆமாட்டி. டில்லி மாடல்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ பயந்துபோய் மிச்சக் கொய்யாவை என் கையில் திணித்தாய்.

உன் வீடு துவாரகாவில். கல்லூரி நகரத்தின் மறுகோடியில். தினமும் மெட்ரோவில் போய்வந்தால் பாதி ஆயுள் ரயிலிலேயே போய்விடும் என்று உன்னையும் அங்கே சேர்த்திருந்தார்கள். உன் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சும் தெருவின் இந்தியும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துக்கொண்டு வரும். நான் போசி என்றால் நீ சிரிப்பாய். நீ சட்டி என்றால் நான் சிரிப்பேன். அந்த வீட்டில் நமக்கு வேறு பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

சாப்பாடுதான் என்னைக் கொன்றது. ரொட்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தயிரில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்களே, அதை எப்படிப் பொறுப்பது? அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "உறை இல்லீன்னா என்ன கண்ணு, வரமொளகாக் காம்ப கிள்ளிப் பால்ல போடு" என்றார். ஆன்ட்டி சாயங்காலம் தரும் பாலில் பாதியை மிச்சம் பிடித்து, வெதுவெதுப்பாக்கிக் காம்பைப் போட்டபோது நீ என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். "பால்ல மிளகாய்க் காம்பா? பாகல் ஆயிட்டியா, பைத்தியமா?" முதல் நாள் அது தயிரும் இல்லை, பாலும் இல்லை. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டேன். அப்புறம் இன்னொரு பாலில். ஒரு நாள் காலையில் வெட்டி எடுக்கிற மாதிரி நின்றது. நீ போசியோடு எடுத்துக் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளையாக மீசையோடு, "அரே வா!" என்றாய்.

பக்கத்து அறைப் பாட்னாப் பெண் ஒரு நாள் கிண்ணத்தோடு வந்தாள். கீழே ஆன்ட்டி சாமி விளக்கு ஏற்றி மணியடித்து முடித்திருந்த நேரம். நான் கொடுக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து தயிரைக் கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள், காலையில் வாங்கிக்கொள்ளச் சொல் என்றேன். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "இந்த ரூம்ல லட்சுமியா? எங்கட்டி இருக்கா, கட்டிலுக்குக் கீழயா? எங்க வீட்டுல இதெல்லாம் கிடையவே கிடையாது. எங்கம்மா எந்நேரமும் குடுப்பா." சிரித்துக்கொண்டே அவளிடம் இந்தியில் சொன்னாய். அந்தப் பெண்ணோ சிரிக்கவே இல்லை. தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். காலையில் வந்து வாங்கிக்கொண்டாள். மூன்று பேரில் சாஸ்திரம் தெரியாதவள் நீ ஒருத்திதான் என்று நான் உன்னை ஒரு வாரம் ஓட்டினேன்.

அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. தீபாவளி நெருங்கியதும் புகை வந்தது. எனக்கு இருமல் வந்தது. காதில் பனி புகுந்துவிடும் என்று அம்மா தினமும் போனில் மிரட்ட, நீ என்னைக் கரோல் பாக் கூட்டிப்போனாய். கடைக்காரரிடம் நீ "பையா, பையா" என்று அண்ணன் முறை வைத்துக் கொஞ்சிப் பேசி வாங்கியது பஞ்சு அடைத்த போர்வை, ஒரு ரஜாய். நான் பிடிவாதமாக வாங்கியது ஒரு மெரூன் நிறக் குரங்குக் குல்லா. ஸ்வெட்டரே போடாமல் எல்லோரும் திரிந்த அந்த நாளில் அதை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தலையைத் தூக்கினால் வகுப்பே சிரித்தது. அதே வாரம் முன்னால் நின்று பேச வேண்டிய முறை வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலம் அப்படியே காற்றில் போய்விட்டது. பின் பெஞ்சில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான். நான் நின்றேன், நின்றேன், பிறகு உட்கார்ந்தேன். அன்றைக்குத் தயிரும் உறையவில்லை. ராத்திரிக் குளிரில் பால் பாலாகவே இருந்தது. கேட்டால் நீ நம்ப மாட்டாய், அந்த வகுப்பைவிட இதற்குத்தான் நான் அதிகமாக அழுதேன்.

நீ என் தலையிலிருந்து குல்லாவைப் பிடுங்கினாய். மறுபடி பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, போசிக்குக் குல்லாவை மாட்டினாய். முகம் தெரிகிற ஓட்டை வழியே மூடியின் குமிழ் மூக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதை என் ரஜாய்க்குள் நுழைத்து, "உனக்கு நல்லாவே இல்ல. தயிருக்கு நல்லா இருக்கு" என்றாய். காலையில் உறைந்திருந்தது.

ஆனால் என்னால் முடியவில்லை. தேர்வு நெருங்க நெருங்க, திறந்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "முடியலைன்னா வந்துரு சாமி. படிப்பு இங்கயும் இருக்குது." நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். தேர்வு எழுதாமல் போனால் திரும்பி வரப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முந்தின நாள் வரை சண்டை போட்டாய். கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் எங்கோ போய்விட்டாய். சொல்லிக்கொள்ளாமலே போகப் போகிறேனோ என்று எனக்கு ஒரே கோபம்.

சாயங்காலம் கீழே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நான் பையைத் தோளில் மாட்டினேன். ஆன்ட்டியின் மணிச்சத்தம் கேட்டு ஓய்ந்தது. அதற்காகவே காத்திருந்தவள்போல நீ கதவைத் திறந்துகொண்டு வந்தாய். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"உறை குடு" என்றாய்.

"போசியோட உனக்குத்தான் வெச்சிருக்கேன். எடுத்துக்க புள்ள."

"நானா எடுக்க மாட்டேன். உன் கையால குடு." உடனே டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். "ஐயோ, இப்பக் குடுக்கக் கூடாதுல்லா! ஆன்ட்டி விளக்கு வச்சாச்சு. சரி, நாளைக்குக் காலைல குடுத்துட்டுப் போ."

"ட்ரெயினுக்கு நேரமாச்சு. விளையாடாத."

"ட்ரெயின் தினம் போகும். லட்சுமி போனா வருவாளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அறைந்திருப்பேன். நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். கிண்டல் முகம்தான். ஆனால் டம்ளரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாய். "நீ போயிட்டா நான் யார்கூடட்டி பேசுவேன்? வீட்டுல அம்மா தமிழ்ல கேட்டா நான் இந்தில பதில் சொல்லுவேன். உன்கூடத்தான் எனக்குத் தமிழ் வருது" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாய். நீ அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பையை இறக்கினேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, "பையா, ஜாவோ ஜாவோ! லட்கி நஹி ஜாயேகி!" என்று கத்தினாய். பெண் வர மாட்டாள், நீங்கள் போங்கள் என்று ஆட்டோக்காரருக்கு அறிவிப்பு. அவர் இந்தியில் திட்டியது அத்தனையும் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

காலையில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாய். ஒரு கரண்டி விட்டேன். அன்றைக்கும் ஒரு ரயில் இருந்தது. நீ உன் நோட்ஸை என் மடியில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாய். அப்பாவுக்குப் போன் செய்து, பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். "சரி சாமி" என்றார். தேர்வு எழுதினேன், ஊருக்குப் போனேன், பொங்கல் முடிந்து யாரும் கொண்டுவந்து விடாமல் நானாகவே திரும்பி வந்தேன். நீ அந்த உறையைத் துவாரகாவுக்குக் கொண்டுபோயிருந்தாய். உன் அம்மா பாக்கெட் தயிர் வாங்குவதை நிறுத்தியிருந்தார். முதல் முறை உன் வீட்டுக்கு வந்து அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது, "டில்லியில திரும்புன பக்கமெல்லாம் ஆன்ட்டிதான். நீ அத்தைன்னு கூப்பிடுட்டி" என்றார். அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்கு ஓர் அத்தை உண்டு.

படிப்பு முடிந்தது. இருவருக்கும் இங்கேயே வேலை கிடைத்தது. இந்த மழைக்காலம் முடிந்த கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். டில்லியில் யாருக்கு வரவில்லை, வந்து போகும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஆஸ்பத்திரியில் "தயிர்சாதம் கொண்டு வாட்டி" என்றாய். கொண்டு வந்தேன். ஒரு வாய்க்கு மேல் உன்னால் முடியவில்லை. "நாளைக்குச் சாப்பிடுதேன், வச்சிரு" என்றாய். எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது. என்னை வாசலில் மறித்து நிறுத்தத் தெரிந்தவளுக்கு, நான் மறித்து நின்றால் நிற்கத் தெரியவில்லையே.

அதற்கப்புறம் நான் பால் வாங்கவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த தயிர் புளித்து, பூசணம் பிடித்தது; போசியைக் கழுவி ஊற்றினேன். மிளகாய்க் காம்பில் ஆரம்பித்த நம் உறை என் வீட்டில் அன்றோடு போயிற்று. வருத்தப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் துவாரகா போனேன். அத்தையோடு எனக்கு மாமாவாகிப்போன உன் அப்பா டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை காப்பி கொடுத்தார். அடுப்படியில் டம்ளரைக் கழுவி வைக்கும்போது அத்தை பாலை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே தயிர்ச் சட்டி.

"அத்தை, இது..."

"நீ குடுத்த உறைதான்ட்டி. இந்த வீட்டுல எது நின்னாலும் அது நிக்கல. மாமாவுக்கு மோரு இல்லாம சோறு இறங்காது."

"எங்கிட்ட இருந்தது போயிருச்சுங்கத்தை. கொஞ்சம் குடுங்க, நான் கிளம்பறேன்."

அத்தை சட்டியை எடுத்தார். சாமி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டியை மறுபடி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"விளக்கு வச்சாச்சுல்லா. இப்பக் குடுக்க மாட்டேன். காலைல வாங்கிட்டுப் போ."

உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையவே கிடையாது என்று நீதானே சொன்னாய்? நான் பதில் சொல்வதற்குள் மாமா எழுந்துபோய், வெளியே கிடந்த என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

உன் கட்டிலில் படுத்தேன். அத்தை உன் ரஜாயைப் போர்த்திவிட்டார். காலையில் உன் டம்ளரில் உறை கொடுத்தார், அதே எவர்சில்வர் டம்ளர். "வெறும் டம்ளராத் திருப்பித் தரக் கூடாது, தெரியும்லா? தயிரோட கொண்டு வா" என்றார். மெட்ரோவில் வழி நெடுக அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். முதல் முறை உறையவில்லை. நேற்று பரணில் தேடி அந்த மெரூன் குல்லாவை எடுத்தேன். இன்று காலை உறைந்துவிட்டது.

நாளைக்குச் சனிக்கிழமை. டம்ளர் நிறையத் தயிர் எடுத்துக்கொண்டு துவாரகா போகிறேன். விளக்கு வைத்த பிறகுதான் போய்ச் சேருவேன். இப்போது தயிர் வாங்கக் கூடாது, காலையில் கொடுத்துவிட்டுப் போ என்று அத்தை சொல்ல வேண்டும் அல்லவா?