ஸ்கேனர் என்னை உள்ளே விட்ட கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, வயிற்றில் இருக்கிற குட்டி மூன்று பேரும் சுகமாய் இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது பிடிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காமல் படி.

உன் பிரசவத்துக்கு நாங்கள் வர நீ அனுப்பிய விசா விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டேன், போன தடவை எழுதத் தெரியாமல் கட்டைவிரலை உருட்டிய அதே கட்டத்தில். வியாழனுக்குள் அனுப்பாவிட்டால் அப்புறம் மூன்று மாதம் கழித்துத்தான் என்றாயே, அதற்குள் குட்டி பிறந்தே விடும். நகல் கடைக்காரரும் ஊரில் இல்லை. நீ விட்டுப்போன ஸ்கேனர் இருக்கிறதே என்று இன்று புதன் காலையில் லினக்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஸ்கேனர் எதுவும் இல்லை என்கிறது. எதிரிலேயே விளக்கு எரிய உட்கார்ந்திருப்பதை இல்லை என்றால் எனக்குக் கோபம் வராதா. நீ பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். யுஎஸ்பியில் சொருகியதை எல்லாம் காட்டும் முதல் கட்டளைக்கு, ஸ்கேனர் மூடியில் இருக்கிற அதே எழுத்துகள் திரையிலும் வந்தன, ஆக ஒயரில் குறை இல்லை. ஸ்கேனரைத் தேடும் இரண்டாவதற்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவதாக அதையே, முதலாளி அதிகாரம் தரும் சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்த்து, கடவுச்சொல்லும் கொடுத்துத் தட்டினேன், உடனே காட்டியது. முதலாளி கேட்டால் காட்டுகிறது, நான் கேட்டால் மறைக்கிறது. ஆலை கேட்டில் இருபத்தெட்டு வருஷம் காவல் நின்றவனுக்கு இது விளங்காதா, என் பெயர் பட்டியலில் இல்லை. ஸ்கேனர் குழுவில் பெயரைச் சேர்க்கும் நாலாவது கட்டளையையும் தட்டினேன், தாள் முடிந்தது. அப்படியும் இல்லை என்றே வந்தது. மூன்று தடவை தட்டிவிட்டேன். உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "ஊரையே கேட்டுல நிறுத்தி வச்சீங்க, இப்ப உங்கள நிறுத்திடுச்சு பாத்தீங்களா" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு நடுவில் ஒருவன் பெயரைப் பட்டியலில் ஏற்றினால், அவன் வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் புது அட்டை கொடுப்போம். நானும் கம்ப்யூட்டரை விட்டு முழுக்க வெளியேறி, கடவுச்சொல் போட்டு மறுபடி உள்ளே வந்தேன். ஸ்கேனர் வந்து நின்றது. உன் அம்மாவிடம் பெருமை அடித்தேன், அவள் கை துடைத்துக்கொண்டு வந்து தாளைத் திருப்பினாள். வெளியேறி மறுபடி உள்ளே வரவும் என்று பின்பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய். "படிக்கத் தெரியாத எனக்கே திருப்பத் தோணுது" என்றாள். இருக்கட்டும், நீ எழுதியதையே நானும் யோசித்தேன் என்பதில் எனக்கு இன்னும் நெஞ்சு நிமிர்ந்தே இருக்கிறது.

விண்ணப்பத்தோடு இந்தக் கடிதத்தையும் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, கனமாக எதையும் தூக்காதே, விண்ணப்பம் கிடைத்ததும் ஒரு வரி போடு. பெட்டிகளை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். நீயும் குட்டியும் நல்லபடியாக இரண்டு உயிராக வர வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

முக்கியமாக ஒன்று. இந்தத் தாளுக்கும் பின்பக்கம் உண்டு, அதையும் தனியாக எடுத்து அனுப்புகிறேன். விண்ணப்பத்தில் ரேகை வைத்த உன் அம்மா, ஸ்கேனர் வந்த சந்தோஷத்தில் என் பேனாவை வாங்கி அங்கே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா