தையலுக்கு விட்ட ஒரு இன்ச்

அன்புள்ள என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அண்ணன் குடும்பம் எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலும் அவருடைய முறைப்பும் மட்டும் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்பதற்கு மறக்காமல் பதில் போடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "அம்மா, நான் சொல்றத கொஞ்சம் கேளு" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட முடியும். அதனால் கோபப்பட வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தையல் மெஷினை விற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் அந்த முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி அறையாக்கியாயிற்று, மெஷின் இப்போது அங்கேதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உனக்கு இதுவரை அண்ணன் சொன்ன ஒரு பக்கக் கதைதான் வந்திருக்கும், என் பக்கத்தையும் கேள். பேங்கில் வேலை பார்க்கிற அந்த உயரமான பெண்ணின் கறுப்புக் கோட்டுக்குக் கை மடித்துக் கொடுத்தேன் அல்லவா, அவள் மறுநாளே திரும்பி வந்து, கறுப்புத் துணியில் கருநீல நூல் போட்டிருக்கிறேன் என்று காட்டினாள். பாவம், அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஹாலில் இருந்த உன் அப்பாவுக்குத்தான் அது காதில் தேனாகப் பாய்ந்தது. "கண்ணு போச்சு, இனிமே நிம்மதியா உக்காரு" என்றார். அன்று சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் போனில் கூடிப் பேசி மெஷினை விற்பது, என்னை உன்னிடம் அனுப்புவது என்று தீர்மானம் போட்டீர்கள். நான் சமையலறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரு ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும் என்று நீ சொன்னதில் பாசம்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்காமலே என்னைப் பற்றி முடிவெடுப்பதற்கு நான் என்ன அலமாரியா?

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் போனேன். அவர் சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். "இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கும்மா, புரை இப்பதான் லேசா ஆரம்பிக்குது, ஆபரேஷனுக்கெல்லாம் நாள் இருக்கு. ஆமா, நீங்க எந்த வெளிச்சத்துல தைக்கிறீங்க" என்று கேட்டார். மாடிப்படிக்குக் கீழே, பகலிலும் டியூப் லைட் போட்டுக்கொண்டு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அங்க உக்காந்தா எனக்கே கறுப்பும் நீலமும் தெரியாது, மொதல்ல வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் நான் ஏன் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தேன்? ஒரு ஜன்னல் நீங்கள் இரண்டு பேரும் படிப்பதற்கு. இன்னொன்று அப்பா பேப்பர் பார்ப்பதற்கு. அப்புறம் அண்ணன் குழந்தைக்குத் தொட்டில். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் யாருக்காவது தேவைப்பட்டது, நானும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பின்முற்றத்தில் போய் நின்று பார்த்தேன். காலை வெயில் நேராக விழுகிற இடம், மேலே ஏற்கெனவே ஒளி விடுகிற கூரைத் தகடு, முன்னால் முழங்கால் உயரச் சுவர். அந்தச் சுவரின் மேல் கண்ணாடி நிறுத்தினால் ஆயிற்று.

அப்பா "உள்ள உக்காந்தா அவிஞ்சு போயிடுவ" என்றார். தள்ளித் திறக்கிற கண்ணாடிதான் என்றேன். அண்ணன் "மீன் தொட்டி மாதிரி இருக்கும்மா, பின்னாடி தெருவே வேடிக்கை பாக்கும்" என்றான். பார்க்கட்டுமே, இத்தனை வருஷம் நான் தைத்ததை மாடிப்படிதான் பார்த்தது என்றேன். அண்ணி மட்டும் திரைச்சீலைக்கு என்ன நிறம் எடுக்கலாம் அத்தை என்று கேட்டாள். அவள் நல்லவள், நீ அவளுக்கு அடிக்கடி போன் பண்ணு. வெல்டர் வந்து ஆறு கண்ணாடிக்கு ஒரே வரிசையில் ஆறு கட்டம் வைத்து இரும்பு ஃபிரேம் நிறுத்தினார். வலது ஓரத்தில் கதவு. கண்ணாடிக்காரர் கட்டங்களின் அளவைக் கேட்டார், ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். அளவெடுப்பதற்கு எனக்கு ஆளா என்று என் டேப்பை எடுத்து நானே அளந்து, என் அளவு நோட்டில் எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கண்ணாடி வந்து இறங்கியது. முதல் கண்ணாடியைத் தூக்கி வைத்தார்கள், நுழையவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஆறும் அகலத்தில் இரண்டு இன்ச், உயரத்தில் இரண்டு இன்ச் பெரிது. கண்ணாடிக்காரரை நான் ஒரு பிடி பிடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினார். என் கையெழுத்துதான். ஃபிரேமின் அளவை எடுத்து, நாலு பக்கமும் ஒரு இன்ச் கூட்டி எழுதியிருக்கிறேன். தையலுக்கு விட்டிருக்கிறேன், புரிகிறதா? ஜாக்கெட்டுக்கும் கோட்டுக்கும் உள்ளே பிடித்துத் தைக்கத் துணி விடுவதுபோல் கண்ணாடிக்கும் விட்டுவிட்டேன். "ஏங்கக்கா, கண்ணாடிய மடிச்சா தைக்கப் போறீங்க" என்று அவர் கேட்டதும் வெல்டர் சிரித்தார், அப்பா முழங்கால் வலியையும் மறந்து சிரித்தார். சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியாம், ஒரு தடவை வெட்டினதுதான், மறுபடி வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடுமாம். அண்ணன் அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "கண்ணு மட்டும் இல்லம்மா, இப்ப கணக்கும் தப்புது. போதும்மா, விட்டுடு" என்றாய்.

அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணாடிக்காக இல்லை. நீ சொன்னது நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். நூலைப் பார்க்கத் தெரியவில்லை, அளவு எழுதத் தெரியவில்லை, பிறகு நான் யார்? முகத்தைக் கழுவிக்கொண்டு கறுப்பு நூல்கண்டு ஒன்றும் கருநீல நூல்கண்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். கையைப் பின்னால் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்து, நிறத்தைச் சொல்லிவிட்டு, கண்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டேன். பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் சரியாகச் சொன்னேன். அப்போது பயம் போய்விட்டது. கண்ணாடி விஷயமும் அப்போதுதான் புரிந்தது. மறந்துபோனவள் செய்கிற தப்பு அது இல்லையடி, கை மறக்காததால் வந்த தப்பு. ஆறாம் வகுப்பில் தைத்த உன் ஸ்கூல் பாவாடையை எட்டாம் வகுப்பு வரை பிரித்துப் பிரித்து விட்டேனே, அதுவும் அதே ஒரு இன்ச்தான். ஊரில் அத்தனை பேருக்கும் வளர்வதற்கு இடம் விட்டுத் தைத்த கை, எனக்கென்று ஒன்று செய்யும்போது மட்டும் விடாமல் இருக்குமா?

வெல்டரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத்தான் வெட்ட முடியாது, இரும்பை வெட்டி ஒட்ட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். அப்படியானால் பிரித்து விடுங்கள் என்றேன். அவர் முழித்தார். ஆறு கண்ணாடிக்கு இரண்டு இரண்டு இன்ச் என்றால் மொத்தம் ஒரு அடி, வலது ஓரத் தூணையும் கதவையும் ஒரு அடி வெளியே தள்ளுங்கள், முன்சுவரின் மேலே இரண்டு இன்ச் கொத்திவிடலாம் என்று விளக்கினேன். கூரைத் தகடு ஏற்கெனவே ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு அடியில்தான் அப்பாவின் மொபெட் இருந்தது, ஒன்பது வருஷமாக ஸ்டார்ட் ஆகாத அதே மொபெட். "என் வண்டி எங்க நிக்கும்" என்று அவர் சண்டைக்கு வந்தார். அதுதான் நின்று ஒன்பது வருஷம் ஆகிறதே என்றேன். சுவர் கொத்த வந்திருந்த கொத்தனார்கூடச் சிரித்துவிட்டார். மொபெட் இப்போது அண்ணன் அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் பல் தேய்க்கிறான். நாலு நாளில் வேலை முடிந்தது. அறை நான் நினைத்ததைவிட ஒரு அடி பெரிது. வெட்டு மேசை போட இடமில்லையே என்று கவலைப்பட்டேன், அது கச்சிதமாக அந்த ஒரு அடியில் உட்கார்ந்துவிட்டது.

மெஷினை வாங்க நீங்கள் பேசி வைத்திருந்த ஆள் போன வாரம் வந்தார், அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சின்ன லாரியோடு வந்து நின்றார். நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய சட்டைத் தோள் இரண்டு விரல்கடை இறங்கித் தொங்கியது, அதை யார் தைத்தது என்று கேட்டேன். பேச்சு அங்கே பிடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுக் காலி லாரியோடு போனார். அப்பா இப்போதெல்லாம் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு இங்கேதான் வருகிறார். அவிந்து போய்விடுவீர்களே என்றால் காது கேட்காத மாதிரி நாற்காலியை இன்னும் வெயில் பக்கம் இழுத்துக்கொள்கிறார். முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம். சும்மா உட்கார இடமில்லை, பொத்தான் தைத்தால்தான் என்று சொல்லிவிட்டேன். நேற்று நாலு பொத்தான் தைத்தார், இரண்டு நேராக இருந்தன.

உன் ரூமை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வருகிறேன். ஒரு மாசம் இருந்து பிள்ளையை ஆசை தீரக் கொஞ்சிவிட்டு வருவேன். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் இரண்டையும் சேர்த்து எடு, போவதற்கான தேதியை நான் சொல்கிறேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பொத்தான் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு ஆபீஸ் போகிற பழக்கத்தை விடு, தையல்காரி மகள் என்று வெளியே சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் தோள் அளவும் பிள்ளையின் உயரமும் எழுதி அனுப்பு, உள்ளதை உள்ளபடி எழுது, விட வேண்டியதை நான் விட்டுக்கொள்கிறேன். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் மேல் எனக்குக் கோபமில்லை, இருந்த கோபத்தை மேலே எழுதித் தீர்த்துவிட்டேன்.

இதோடு ஒரு துண்டுக் கறுப்புத் துணி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வரிசை தையல் போட்டிருக்கிறேன், ஒன்று கறுப்பு நூல், ஒன்று கருநீலம். எது எது என்று பார்த்துச் சொல். ராத்திரி ஆபீஸிலிருந்து வந்து லைட்டைப் போட்டுக்கொண்டு பார்க்காதே, உன் கண்ணுக்கும் தெரியாது. காலையில் ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்.

வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதும்,
உன் அம்மா