கரன்ட் வராத பாட்டு

மச்சான்,

குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் ஒரு முட்டைக் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றேன். காலி முட்டை அட்டைகளைக் கடைக்காரர் வெளியே அடுக்கி வைத்திருந்தார். அவை நனைந்து ஊறிக்கொண்டிருந்தன. அந்த ஈர அட்டை வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்து மழையிலேயே நின்றேன். முட்டை அட்டை வாடைக்குக் கண் கலங்குகிற ஆள் இந்தப் பூந்தமல்லி ரோட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்கு என்னை ஓட்டியிருப்பாய்.

மண்ணூர்பேட்டையில் என் மாமாவின் ஷெட் நினைவிருக்கிறதா? லேத் பட்டறையாக இருந்து, ஆர்டர் நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. டிரம்ஸ் உனக்கு, கிடார் எனக்கு, பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவது ஆவடி ஜெனி. மூன்று பேரும் சேர்ந்து, சத்தம் வெளியே போய் யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். கூரை ஒழுகும். மழைக்காலத்தில் அட்டை ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். நம் முதல் ஆல்பத்தின் பாட்டு அத்தனையும் அந்த வாடைக்குள்தான் உண்டாயிற்று.

வெளியே போகிற சத்தத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தோம். உள்ளே வருகிற சத்தத்தைப் பற்றி மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து ஷெட்டில்தான் உனக்கு வேலை. தகட்டை உள்ளே விட்டால் வாஷராக வெட்டித் தள்ளுகிற பவர் பிரஸ் முன்னால் பகலெல்லாம் நிற்பாய். சாயங்காலம் ஷிப்ட் மாறியதும் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவாய். பிரஸ்ஸுக்கு ஏது ஓய்வு? உன் இடத்தில் இன்னொருத்தன் நிற்பான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் டம், டம், டம் என்று அது இடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அது நம் காதில் விழுவதே நின்றுவிட்டது. அம்பத்தூரில் வளர்ந்தவர்களுக்கு மிஷின் சத்தம் ஒரு சத்தமா?

அப்போது நம் மூன்று பேருக்கும் எல்லாவற்றின் மேலும் கோபம். ஜெனி வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியிலாவது என்னை உள்ளே தள்ளிவிடத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தாத்தா நெல் விதைத்த இடத்தில்தான் அந்த எஸ்டேட்டே நிற்கிறது. அதற்குள் போய்க் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் கதை இன்னும் மோசம். அப்பா இல்லை, அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான். கம்பெனியில் உன்னைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது உன் அம்மா சபையில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாய். "பர்மனென்ட்டுன்னா இன்னா தெரியுமா மச்சான்? அங்கியே கெடன்னு அர்த்தம்" என்றாய். ஆல்பம் வெளியே வந்த மறுநாள் வேலையை விட்டுவிட்டு பெங்களூர் போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய். எனக்கும் ஜெனிக்கும் ஆல்பம் ஓர் ஆசை. உனக்கு அதுதான் கதவு.

ஆல்பத்துக்குப் பேர் வைத்ததும் நீதான். ஷெட் சுவரில் அம்புக்குறி போட்டு ஒரு பழைய பச்சைப் பலகை தொங்கியது: 'வெளியே செல்லும் வழி'. அம்பு காட்டிய பக்கம் மாமா எப்போதோ சுவர் எழுப்பிவிட்டார். அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து அதுதான் அட்டைப் படம், அதுதான் பேர் என்றாய். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ சர்ச்சில் டிரம்ஸ் கற்றுக்கொண்டவன். அங்கே மெதுவாக வாசி, மெதுவாக வாசி என்று சொல்லிச் சொல்லி உன்னை நோகடித்திருந்தார்கள். அதனால் யார் என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று ஒரு வீம்பு. காதில் டிக் டிக் என்று கிளிக் ஓடவிட்டு, அதற்குச் சரியாக வாசித்துத்தான் எல்லோரும் ரெக்கார்டு செய்கிறார்கள், நாமும் அப்படிச் செய்யலாம் என்று ஜெனி சொன்னாள். நீ ஒப்புக்கொள்ளவே இல்லை. "கிளிக் போட்டு வாசிக்கிறது கம்பெனில கார்டு பன்ச் பண்ற மாரி கீது. நான் மனுசன்டா, என் இஷ்டத்துக்கு வாசிப்பேன்" என்றாய். எங்களுக்கும் அது வீரமாகத்தான் பட்டது. பிரஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து, நீ ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வந்ததும் ரெக்கார்டு செய்தோம்.

வானகரத்தில் ஒரு மொட்டை மாடி ரூமில் மிக்ஸிங் செய்கிற அண்ணனிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் நல்ல மனுஷன். இரண்டு மூன்று பாட்டுகளைக் கேட்டார். அப்புறம் எல்லாவற்றையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "எல்லாப் பாட்டும் ஒரே ஸ்பீடுல போவுதேப்பா. ஒரே கிளிக்க வெச்சிகினு வாசிச்சீங்களா?" என்று கேட்டார். கிளிக்கே வைக்கவில்லை என்றோம். அவர் நம்பவில்லை. சோகப் பாட்டும் அதே வேகம், சண்டைப் பாட்டும் அதே வேகம். ஜெனி அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டு சிரித்தாள். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

கீழே டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தாய். நான் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாய்: "அது என் பிரஸ்ஸுடா."

எனக்கு முதலில் புரியவில்லை. நீ கால் கட்டைவிரலால் தரையில் தட்டிக் காட்டினாய். டம், டம், டம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் கால் மட்டுமா, என் கையும் ஜெனியின் குரலும் அதோடுதான் போயிருக்கின்றன. மிஷின் ஓடாத நாளாகப் பார்த்துப் பார்த்து ரெக்கார்டு செய்தோம். மிஷின் உன் காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "வெளிய போற வழின்னு பேர் வெச்சிகினு, கம்பெனியயே தூக்கினு வந்து உள்ள வெச்சிகீறோம்" என்றாய். உன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் நீ பட்ட பாடு இருக்கிறதே. எல்லாவற்றையும் திரும்ப வாசித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வேகமாக ஆரம்பிப்பாய்; இரண்டாவது சரணத்துக்குள் அதுவாக இறங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். மெதுவாக ஆரம்பித்தால் ஏறி வந்துவிடும். வீம்பை விட்டுவிட்டுக் காதில் கிளிக் மாட்டிக்கொண்டும் பார்த்தாய். கிளிக் ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும், நடுவில் நீ வேர்த்து வழிவாய். ஒருநாள் குச்சியை விட்டெறிந்துவிட்டு நடுச்சுவரைக் கையால் குத்தினாய். முட்டை அட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் வெடித்து எஸ்டேட் முழுக்கக் கரன்ட் போனது. என் கிடார் செத்தது, ஜெனியின் பேஸ் செத்தது. பக்கத்தில் பிரஸ்ஸின் சக்கரம் சுற்றிச் சுற்றித் தளர்ந்து, கடைசியாக ஓர் இடி இடித்துவிட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமையில்கூட எஸ்டேட்டில் எங்கேயாவது ஒரு மிஷின் ஓடும்; அப்படி ஓர் அமைதியை அந்த ஷெட்டில் நான் கேட்டதே இல்லை. ஷட்டர் சந்து வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

டிரம்ஸுக்குக் கரன்ட் எதற்கு? நீ வாசிக்க ஆரம்பித்தாய்.

முதலில் தயங்கித் தயங்கி, இருட்டில் படி இறங்குகிறவன் காலை வைத்துப் பார்ப்பதுபோல. அப்புறம் நடந்தாய். அப்புறம் ஓடினாய். நடுவில் சும்மா நின்றாய், எங்களைக் காக்க வைத்துவிட்டு வேறு எங்கிருந்தோ வந்தாய். அது எந்த மிஷினின் வேகமும் இல்லை. போனை எடுத்து ரெக்கார்டு போட்டுத் தரையில் வைத்தேன். ஜெனி மைக் இல்லாமல், வார்த்தை இல்லாமல், வாயில் வந்ததைப் பாடினாள். நீ சிரித்துக்கொண்டே, "கரன்ட்டு இப்டியே வராமப் பூட்டா நல்லாருக்கும்ல" என்றாய். வாசிப்பை நிறுத்தவில்லை. பிறகு கரன்ட் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த மழையிலேதான் உனக்குக் காய்ச்சல் வந்தது. பர்மனென்ட் ஆகிற சமயத்தில் லீவு போட்டால் கெட்ட பெயர் என்று அம்மா பயந்தார்கள், அவர்களுக்காகக் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனாய். விடப்போகிற வேலைக்கு எதற்கடா இந்த மரியாதை என்று நான் கத்தினேன். டெங்கு என்று தெரிந்தபோது வேளை கடந்துவிட்டது. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறப்போவதில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா, நீ வாசித்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். சர்ச்சில் வாசித்ததைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, எங்களோடு வாசித்ததைத்தான் கேட்டார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டை அவர்கள் காதில் மாட்டிவிட்டேன். ஜெனி தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. பயந்துவிடப் போகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அவர்கள் அசையாமல் கேட்டார்கள். கை மட்டும் பாயில் தட்டத் தொடங்கியது.

"இது அவன் சோறு துன்னும்போது தட்ல தட்றதுப்பா" என்றார்கள். "கை கழுவிகினு வா நைனான்னு திட்டுவேன். தட்டிகினே இருப்பான்."

மிக்ஸிங் அண்ணன் வேறொரு டிரம்மரை வைத்து எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுதான் உன் ஆசை, அதைச் செய்வதுதான் நியாயம் என்று ஜெனி அழுதாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீ வெறுத்த அந்த வேகத்தில்தான் உன் அம்மாவுக்கு நீ உயிரோடு இருந்தாய். எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். கடைசிப் பாட்டாக மட்டும் போனில் எடுத்ததைச் சேர்த்தோம்.

ஆல்பம் வெளியே வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. கொஞ்சம் பேர் கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்கிற ஒரு பையன், உங்க பாட்ட போட்டுகினு மிஷின்ல நின்னா டைம் போறதே தெரியல, கரெக்டா செட் ஆவுது என்று எழுதியிருந்தான். நீ இருந்திருந்தால் அவனைத் தேடிப்போய் உதைத்திருப்பாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஜெனி பெங்களூர் போய்விட்டாள், அங்கே பாடுகிறாள். மாமா ஷெட்டை ஒரு கொரியர்காரனுக்குக் குடோனாக விட்டுவிட்டார். நான், அப்பா பிடித்த கம்பெனியில், தாத்தாவின் நெல்வயலில், கழுத்தில் அட்டையோடு நிற்கிறேன். போன மாதம் என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். வீட்டில் கேசரி செய்தார்கள். கேசரியைத் தின்றுகொண்டே, நீ சொன்ன அர்த்தத்தை நினைத்துக்கொண்டேன்.

தினமும் வேலை விட்டு உன் பிரஸ்ஸைத் தாண்டித்தான் நடக்கிறேன். நான் எவ்வளவு முயன்றாலும் அந்த இடத்தில் என் நடை அதன் வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஒருநாள் வேண்டுமென்றே ஓடிப் பார்த்தேன். ஓட்டமும் அதோடுதான் சேர்ந்துகொண்டது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்போது அந்தக் கரன்ட் கதை. ஆல்பத்தில் கடைசிப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு, நீ ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு சட்டென்று நின்றுவிடும். ஏன் இப்படிப் பாதியில் வெட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். ஸ்டைலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீதி என் போனில் இருக்கிறது. டியூப் லைட் இமைக்கிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் உறுமிக் கிளம்புகிற சத்தம். டம். நீ இரண்டு அடி எதிர்த்து அடிக்கிறாய். டம். மூன்றாவது அடியில் உன் கால் அதோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. நீ லேசாகச் சிரிக்கிறாய். வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டால் குரல் கொடுப்பாயே, அதே குரலில் சுவரைப் பார்த்துச் சொல்கிறாய்: "தோ, வந்துகினேகீறேன்."

அதற்கு முன்னால் வெட்டிவிட்டேன் மச்சான். ஆல்பத்தில் கரன்ட் வருவதே இல்லை. அந்தத் துண்டை ஜெனிக்கும் கொடுக்கவில்லை, உன் அம்மாவுக்கும் கேட்கவிடவில்லை. ஊருக்குக் கொடுத்த பாட்டில் நீ வெளியே போய்விட்டாய். திரும்பி வந்த உன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் கம்பெனி கேட்டுக்குள் போகிறேன்.