உன் பாட்டை நான் கேட்டதே இல்லை

என் தங்கமே கோதை,

நீ இல்லை என்பதையே இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கும் மகாராஜபுரத்திலிருந்து வந்த மில் வேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தெருமுனையில் நின்றது. பக்கத்து சீட்டில் உனக்காக என் பையை வைத்திருந்தேன். டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தபோது உன் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "கோதை எந்திரிக்கவே இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா" என்றார். முந்தின நாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் நம் மில் ஷெட்டுக்குள் மிஷின் ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் நமக்குள் பேச்சு. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நீ பாடுவாய், நீயே கட்டிய பாட்டை. எதிர் வரிசையில் நின்று நான் உன் உதட்டில் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன்.

*பானை பக்கம் உக்காந்து தண்ணி கேக்கும் ராசா,*
*எம்புட்டுப் பேருக்கு நானிருக்கேன், எனக்குன்னு நான் எங்க ராசா?*

உன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். நல்ல துள்ளலான பாட்டு, கும்மிக்கே ஆகும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வேனில் வாய்விட்டுப் பாடச் சொன்னால், "போங்கக்கா, நாலு பேருக்குக் கேக்கும்" என்று மழுப்பிவிடுவாய். "வீட்டுல செத்த நேரம் சும்மா இருக்க முடியல. இந்த இரைச்சல்தாங்க்கா எனக்கு அமைதி" என்பாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து, உன் மகள் தேவியைப் பார்க்கலாம் என்று ஞாயிறன்று உன் வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ முனகினாள். அழுகையை அடக்கிக்கொண்டு தாலாட்டுகிற மாதிரி, இழுத்து இழுத்து ஒரு ராகம். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"அம்மா வேல செய்யும்போது முனங்குறது பெரியம்மா. வார்த்தையச் சொல்லும்மான்னா, வார்த்தையெல்லாம் கெடையாது போடின்னுருவா."

ஒரு சந்தேகம் வந்தது. "இன்னொரு தடவ முனங்குடி" என்றேன். அவள் முனக, எனக்குத் தெரிந்த வரியை மெல்லச் சேர்த்துப் பாடிப் பார்த்தேன். அத்தனையும் பொருந்தியது கோதை. நான் சிரித்த பாட்டா இது?

வீட்டில் வார்த்தையைச் சொல்ல முடியாது. மில்லில் ராகம் கேட்காது. ஆளுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு முழுப்பாட்டையும் நீ மட்டும் வைத்திருந்தாயா? வாய்விட்டுப் பாடினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் மழுப்பினாயா? நான் சிரித்ததால்தான் நீயும் சிரித்தாயா?

திரும்பிப் பார்த்தால், வாசற்படியில் உன் வீட்டுக்காரர் நிற்கிறார். எப்போது வந்தாரோ தெரியவில்லை.

"இது என்னையவா மதினி?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"நெதமும் கேட்டிருக்கேன். ஏதோ பழைய பாட்டுன்னு நெனச்சேன்" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்தார். "இன்னும் இருந்தா பாடுங்க" என்றார். முழுவதையும் பாடினோம். அவரைப் பற்றிய ஒரு வரியைக்கூட நான் விடவில்லை. உனக்கு அதில் கோபமா?

உன் இடத்தில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். நேற்று நூலை ஒட்டிக்கொண்டே அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. டீ நேரத்தில் அவளை மிஷின் சத்தம் எட்டாத இடத்துக்குக் கூட்டிப்போய், "இப்பப் பாடு" என்று சொல்லப்போகிறேன். கடைசி வரி வரைக்கும் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்கா,
தேவிக்குப் பெரியம்மா,
முத்துலட்சுமி